சின்னப்பா போட்ட ஆக்ஸில்

பால் பாக்கெட்டை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு சின்னப்பா நடுத்தெருவில் மல்லாந்து படுத்திருக்கிறார். இடுப்புவரை ஒரு ஜீப்புக்கு அடியில். வெளியே தெரிவது லுங்கியும் இரண்டு கால்களும்தான். ஆட்டோக்காரர்கள் ஹாரன்கூட அடிக்காமல் வண்டியை ஒடித்து அந்தக் கால்களைச் சுற்றிப் போகிறார்கள். பெங்களூர் விவேக் நகரில் இதற்கெல்லாம் யாரும் பதறுவதில்லை. ஜீப்பின் சொந்தக்காரர் மட்டும் பேட்டைக்குப் புதியவர் போலிருக்கிறது, படியிறங்கி ஓடிவந்து, யாரய்யா நீ, என்னத்தைக் கழற்றுகிறாய் என்று சத்தம் போடுகிறார். அடியிலிருந்து நிதானமாக ஒரு குரல் வருகிறது.

"கழட்டறதுக்கு என்னா சார் இருக்குது இதுல? லெஃப்ட் சைடு சீல் கசியுது. எண்ணெ பிரேக்குல எறங்கிட்டா அப்புறம் நீங்க கால வச்சாலும் ஒண்ணுதான், தலைய வச்சாலும் ஒண்ணுதான்."

சொல்லிவிட்டு எழுந்து, முதுகைத் தட்டாமல், பாலோடு வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் அந்த ஜீப் அவருடைய மெக்கானிக் ஷெட் வாசலில் நிற்கும்.

ஆள் குட்டை. கழுத்து வலப்பக்கமாகச் சாய்ந்தே இருக்கும்; ஸ்க்ரூ டிரைவரின் நுனியைச் சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸிலில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டுக் கேட்டு அப்படியே நின்றுபோன சாய்வு. கியர் எண்ணெயை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, இது கோலார் மண்ணில் ஓடிய வண்டி, குடகுப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பார். ஒருமுறை, ஓட்டுகிறவருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னதாகப் பேட்டையில் பேச்சு. அது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் அந்த ஓட்டுநர் மறுவாரம் ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட்டு வந்து டீக்கடையில் சர்க்கரை வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஷெட் குழந்தை ஏசு கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் நவநாள் செபத்துக்கு வரும் கூட்டம் சந்துவரை வழியும். அன்று சின்னப்பா கை கழுவி, சட்டை மாற்றி, கோவிலின் கடைசித் தூணுக்கு அருகில் போய் நிற்பார். முன்வரிசைக்குப் போகமாட்டார். வாசல்பக்கம் நின்றால் வெளியே நிற்கும் வண்டிகளும் கண்ணில் படும் என்பது அவர் கணக்கு. எஞ்சின், ஸ்டியரிங், விளக்கு இவற்றில் அவருக்கு அக்கறை குறைவு; பின் ஆக்ஸில்தான் எல்லாம். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "முன்னாடி நடக்கறத டிரைவர் பாத்துக்கறான். பின்னாடி நடக்கறத எவன் பாக்கறது?"

ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆக்ஸிலில் கை வைத்தவர், வண்டி பாரத்தோடு போகும் முதல் பயணத்தில் பின் சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்து போகவேண்டும். ஏதாவது பிசகியிருந்தால் முதலில் அவருக்குத்தான் வலிக்கவேண்டும் என்பது அதன் நியாயம். இந்த வழக்கத்தால் சின்னப்பாவின் இடுப்பு எலும்புகள் மைசூர்ச் சாலையின் எல்லாப் பள்ளங்களையும் மனப்பாடமாக அறியும்.

மகள் பெர்னதெத் கோவில் வாசலில் மெழுகுவத்திக் கடை வைத்திருக்கிறாள். ராஜேந்திரன் அங்கேதான் வந்து சேர்ந்தான். அத்திபெலேக்காரன், இந்து, ஜீப் டிரைவர். யாரையோ நவநாளுக்கு ஏற்றிவந்தவன் சும்மா நிற்கக் கூச்சப்பட்டு ஒரு மெழுகுவத்தி வாங்கினான். அடுத்த வியாழன் சவாரி இல்லாமலேயே வந்து இன்னொன்று வாங்கினான். அவன் ஜீப்பின் டாஷ்போர்டில் பற்றவைக்காத மெழுகுவத்திகள் ஒரு பீடத்துக்குக் காணும் அளவு சேர்ந்தபோது சின்னப்பா வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "வண்டிய ஒழுங்கா வச்சிக்கறான். பொண்ணையும் வச்சிக்குவான்" என்று சம்மதித்தார்.

அந்த ஜீப் ராஜேந்திரனுடையது அல்ல. அத்திபெலேயைத் தாண்டி ஒரு கல்குவாரி நடத்தும் முனிராஜுடையது. வைட்ஃபீல்டில் கண்ணாடிக் கட்டடங்கள் மழைக்காளான் போல எழுந்துகொண்டிருந்த காலம். எல்லாக் கட்டடத்துக்கும் கீழே போடக் கல் வேண்டும். குவாரியில் கல் உடைப்பவர்களைக் காலையில் மேட்டின் மேலே ஏற்றிக் கொண்டுபோய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவது ராஜேந்திரனின் வேலை. அந்தப் பாதையைப் பாதை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். பாறையை வெடி வைத்துப் பெயர்த்த இடத்தில் ஜீப் ஏறப் பழகிக்கொண்டது, அவ்வளவே.

ஒருநாள் இறங்கிவரும்போது பின் ஆக்ஸிலின் உள்தண்டு முறிந்தது. சக்கரம் தண்டோடு கழன்று, ஜீப்பை முந்திக்கொண்டு தானே கீழே உருண்டு போயிற்று. வண்டி பாறையில் சாய்ந்து நின்றதால் ஆட்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். ராஜேந்திரன் மாமனார் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

அதன் பிறகுதான் முனிராஜ் குஜிரி என்கிற பழைய சாமான் சந்தையில் தேடி, ஒரு சின்ன லாரியின் பின் ஆக்ஸிலை டெம்போவில் போட்டுக் கொண்டுவந்தார். தேடச் சொன்னதே சின்னப்பா. ஜீப்பின் சொந்த ஆக்ஸிலில் உள்தண்டு இரண்டு வேலை பார்க்கிறது. சக்கரத்தைச் சுழற்றுகிறது, வண்டியின் பாரத்தையும் தாங்குகிறது. அது முறிந்தால் சக்கரமும் அதோடு போய்விடும். லாரி ஆக்ஸிலில் பாரத்தைத் தாங்குவது வெளியே இருக்கும் கனத்த குழாய். தண்டு முறிந்தாலும் சக்கரம் இடத்தை விட்டு நகராது. பெர்னதெத்துக்கு அவர் இதை வேறு மாதிரி விளக்கினார்: "சம்பாரிக்கறதும் ஒருத்தன், சமைக்கறதும் அவனேன்னா அவன் படுத்துட்டா வூடே படுத்துக்கும். இதுல வேலைக்கு ரெண்டு பேரு."

அந்த வேலையைப் போல அவர் வேறெதையும் செய்ததில்லை என்று பக்கத்து டிங்கர் கடைக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். லாரியின் ஸ்பிரிங் பட்டைகள் உட்கார்ந்த தாங்கிகளை வெட்டி எடுத்தார். ஜீப்பின் அகலத்துக்கு நூல் கட்டி அளந்து புதிய தாங்கிகளை வைத்தார். ஒரே மூச்சில் பற்றவைத்தால் சூட்டில் குழாய் வளைந்துவிடும். அதனால் இந்தப் பக்கம் ஒரு விரல் நீளம், அந்தப் பக்கம் ஒரு விரல் நீளம், நடுவில் ஆறவிட ஒரு பீடி. ஆறுவதும் மெதுவாக ஆறவேண்டும் என்று அடுப்புச் சாம்பலை வெல்டிங் பற்றின் மேல் குவித்து மூடி, குழந்தைக்குப் போர்த்துவது போலச் சாக்கைப் போர்த்தினார். யாராவது கிட்டே வந்து பேசினால் ஸ்பானர் பறந்து வந்தது.

இரண்டு விஷயம் மட்டும் அவருக்கு உறுத்தியது. புது ஆக்ஸிலின் கியர்ப் பல் கணக்கும் ஜீப்பின் முன் ஆக்ஸிலின் பல் கணக்கும் ஒத்துப்போகவில்லை. முன் சக்கரமும் பின் சக்கரமும் சேர்ந்து இழுத்தால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி எதையாவது உடைக்கும். அதனால் முன் சக்கர இழுவையைக் கழற்றி வைக்கவேண்டியதாயிற்று. பின்னால் இவ்வளவு பலம் இருக்கும்போது முன்னால் எதற்கு என்று முனிராஜ் சிரித்தார். இரண்டாவது, கை பிரேக். இந்தப் பழைய ஜீப்புகளில் கை பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் நீளத் தண்டைத்தான் பிடிக்கிறது. சின்னப்பா மருமகனை வண்டிக்கு அடியில் இழுத்துப் படுக்கவைத்து அந்தத் தண்டைக் காட்டினார்.

"மாப்ள, இனிமே இழுக்கறதும் இதுதான், புடிச்சி நிறுத்தறதும் இதுதான். இதுக்கு மாத்து கெடையாது. எட்டு பேரு. ஒம்போதாவது ஆளு என்னைய மாதிரி குள்ளனா இருந்தாலும் ஏத்தாத."

ராஜேந்திரன் சரி மாமா என்றான். முனிராஜும் சரியென்று, மீசையைத் தொட்டுச் சொன்னார்.

முதல் பயணத்தில் வழக்கப்படி சின்னப்பா பின் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து போனார். எதிரே சந்திரம்மா என்ற கல் உடைக்கும் பெண். வெற்றிலை வாய், உடைந்து ஒட்டிய கண்ணாடி வளையல். ஜீப் அந்த மேட்டில் முனகாமல், வழுக்காமல் ஏறியது. உச்சியில் இறங்கியதும் அவள் சின்னப்பாவின் கரி படிந்த கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "முன்னெல்லாம் வண்டி மேல ஏறி முடிக்கறதுக்குள்ள எல்லா சாமியையும் பேர் சொல்லி கூப்புடுவோம்ணா. இன்னிக்கி ஒரு சாமியையும் தொந்தரவு பண்ணல" என்றாள். சின்னப்பா வெட்கப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டார். அன்று முழுக்க அந்தக் கையை அவர் சோப்புப் போட்டுக் கழுவவில்லை என்று பெர்னதெத் சொல்லிச் சிரிப்பாள். அப்போது சிரிப்பாள்.

கிரீஸ் அடிக்க ஜீப் ஷெட்டுக்கு வரும். ஒருமுறை வந்தபோது ஸ்பிரிங் பட்டைகள் புன்னகையைத் தொலைத்த உதடு போல நேராகிக் கிடந்தன. எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று கேட்டார். அதே ஆட்கள்தான் என்று ராஜேந்திரன் டாஷ்போர்டைத் துடைத்துக்கொண்டே சொன்னான். சின்னப்பா பின்பக்கம் போய்ப் பார்த்தார். இரண்டு பக்கத்து பெஞ்சுகளும் பின்னால் வண்டிக்கு வெளியே நீண்டிருந்தன. புதுப் பற்று, யாரோ அவசரத்தில் வைத்தது. ஒரு பெஞ்சின் முனையில் வெற்றிலை எச்சில் காய்ந்திருந்தது.

அன்று வீட்டில் பேச்சு தடித்தது. வைட்ஃபீல்ட் ஆபீசுகளுக்கு வண்டி ஓட்ட ஆள் தேடுகிறார்கள், குவாரியை விட்டுத் தொலை என்றார் மாமனார். இங்கிலீஷ் தெரியாத டிரைவரை அவர்கள் கேட்டுக்குள்ளேயே விடுவதில்லை என்றான் மருமகன். பெர்னதெத் இரண்டு பேருக்கும் சோறு போட்டுவிட்டுக் கடையைச் சாத்தப் போய்விட்டாள்.

சின்னப்பா பஸ் ஏறி அத்திபெலேக்குப் போனார். முனிராஜ் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, நல்ல டீ சொல்லி, கூட இருந்தவர்களிடம் இவர்தான் அந்த ஆக்ஸில் போட்டவர் என்று அறிமுகம் செய்தார். எட்டுப் பேர் என்ற பேச்சை இவர் எடுத்ததும் அவர் முகம் வாடவில்லை. வாடியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"சின்னப்பாண்ணா, நீ போட்ட ஆக்ஸில் மேல எனக்கு இருக்கற நம்பிக்க உனக்கே இல்லியா? சும்னே பயப்படறியே. நீயே மேல ஒக்காந்து வந்து ஓகே பண்ண வண்டி. இந்த மாதிரி வேல பெங்களூர்ல வேற எவனுக்கு வரும், சொல்லு?"

சின்னப்பாவுக்கு அதுவரை வாழ்நாளில் கிடைத்த பாராட்டுகளை ஒரு நட்டுக்குள் போட்டு மூடிவிடலாம். சுற்றி நின்றவர்கள் அவரையே பார்த்தார்கள். ஆக்ஸில் தாங்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் என்று தொடங்கியவர், மீதியைச் சொல்லாமல் டீ டம்ளரை எடுத்துக்கொண்டார். தாங்கும் என்று அவரே சொன்னது மட்டும்தான் எல்லோர் காதிலும் விழுந்தது. டீ முழுவதையும் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

பழைய ஆக்ஸில் இருந்தவரை, அளவுக்கு மீறி ஏற்றினால் அது முனகும், கசியும், கடைசியில் முறியும். ஆளை மிரட்டுகிற அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. சின்னப்பாவின் ஆக்ஸில் முனகவில்லை. அதனால் குவாரியில் யாருக்கும் பயம் வரவில்லை. பயம் வராத இடத்தில் ஆள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். ஆளுக்கு மேல் வெடிக் குழி போடும் கம்பிகளும் ஏறின.

மழை விட்ட ஒரு காலை, மேட்டின் கடைசித் திருப்பத்தில், நீளத் தண்டின் இணைப்பு உடைந்தது. உடைந்த முனை சாட்டை போலச் சுழன்று அடித்ததில் பிரேக் குழாய் அறுந்தது. ராஜேந்திரன் கால் பிரேக்கை மிதித்தான். கால் தரைவரை போயிற்று. கை பிரேக்கை இழுத்தான். அது பிடித்தது, எதனோடும் சேராத ஒரு துண்டுத் தண்டை. முன் சக்கரத்துக்கு இழுவை இல்லை. ஜீப் ஆட்களோடு பின்னோக்கி இறங்கியது. பள்ளத்தின் பக்கம் போகாமல் அவன் ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியின் பின்புறத்தைப் பாறைச் சுவரில் கொடுத்தான். வேறெந்த டிரைவராக இருந்தாலும் எல்லோரும் போயிருப்பார்கள் என்றுதான் குவாரியில் சொன்னார்கள். பாறையில் முதலில் மோதியது, வெளியே நீட்டிக்கொண்டிருந்த பெஞ்சு. அதன் முனையில் உட்கார்ந்திருந்தவள் சந்திரம்மா.

சின்னப்பா போய்ச் சேர்ந்தபோது அவள் உடலை எடுத்துப் போயிருந்தார்கள். பாறையில் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தது. ராஜேந்திரனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. மற்றவர்களில் சிலருக்குக் கால், சிலருக்கு விலா. அவர் வழக்கம்போல வண்டிக்கு அடியில் படுத்தார். நசுங்கிய சேசிஸ், பிய்ந்த குழாய், தொங்கும் தண்டு. நடுவில் அவருடைய ஆக்ஸில், ஒரு கீறல் இல்லாமல், அன்றைக்குப் பூட்டியது போல. வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. அன்று எழுந்தவர் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார், தட்டுவதற்கு ஒன்றும் இல்லாதபோதும்.

விபத்து என்று எழுதி முடித்தார்கள். குவாரி மறுபடி திறந்தது. சந்திரம்மாவின் இடத்துக்கு அவள் தங்கை வந்தாள் என்றும், அவள் கேட்ட முதல் கேள்வி, ஏறவேண்டிய வண்டி எது என்பது என்றும் ராஜேந்திரன் சொன்னான்.

போன வாரம் ஒரு டெம்போ ஷெட் வாசலில் நின்றது. இறங்கியவன் ராஜேந்திரன், இடது கை இன்னும் தோளுக்கு மேல் எழும்பவில்லை. டெம்போக்காரரும் அவனுமாகப் பாரத்தைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். அந்த ஆக்ஸில்.

"முனிராஜ் வேற ஜீப் எடுத்துட்டார் மாமா. இதையே கழட்டி எடுத்துனு வந்துட்டோம். அதுல மாத்திக் குடுத்துருங்க."

சின்னப்பா ஆக்ஸிலை ஒருமுறை சுற்றிவந்தார்.

"வேற எத நம்பியும் நான் அந்த மேட்டுல ஏற மாட்டேன். அன்னிக்கி எல்லாம் போச்சு மாமா. இது மட்டும்தான் நின்னுச்சு."

"பெஞ்சு?" என்றார்.

"என்ன மாமா?"

"புது ஜீப்புல பெஞ்சு எவ்ளோ நீளம் வச்சிருக்கான்?"

ராஜேந்திரன் கோவில் பக்கம் பார்த்தான். டெம்போக்காரர் பீடி வாங்குவது போல நகர்ந்துவிட்டார். "அதே மாதிரிதான்" என்றான். பிறகு, "இன்னும் ஒரு ஆளு அதிகமா ஒக்காரலாம்" என்றான்.

சின்னப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து பழந்துணியால் குழாயின் மேலிருந்த சேற்றைத் துடைத்தார். தாம் வைத்த பற்றுகளைக் கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல். எதுவும் விட்டிருக்கவில்லை. பிறகு சாக்பீஸை எடுத்து, நல்ல குழாயின் மேல், சுற்றிலும் ஒரு கோடு போட்டார். வெட்டுவதற்கு முன் போடுகிற கோடு. மூலையிலிருந்த, இரும்பு வெட்டும் கேஸ் சிலிண்டரை உருட்டி வந்து நிறுத்தினார்.

"மாமா, இது முனிராஜோடது" என்றான் ராஜேந்திரன்.

சின்னப்பா கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஆணியில் தொங்கிய இன்னொரு கண்ணாடியை எடுத்து, துடைத்து, மருமகனிடம் நீட்டினார்.